தூணுக்கு முன்னால் வந்த கேட்

வடக்குப்பனையூரில், தங்கபுஷ்பத்தின் வீட்டை ஒட்டித் தோட்டத்துக்குள் போகிற வழியில், இரட்டைக் கதவு வைத்த இரும்புக் கேட் ஒன்று தூணும் இல்லாமல் சுவரையும் தொடாமல் தரைக்கு ஒரு சாண் மேலே பதினாலு மாதம் நின்றது. அது எப்படி நின்றது என்று கேட்டால் ஊரில் யாரும் சரியாகச் சொல்லமாட்டார்கள், ஆனால் எதனால் நின்றது என்று கேட்டால் மட்டும் எல்லாரும் ஒரே குரலாக, கொத்தனார் பால்துரை சொன்ன நாளுக்கு வராததால் நின்றது என்பார்கள்.

நடந்தது இவ்வளவுதான். அந்தப் பக்கத்துச் சபைகளில் பாதிரியாரை ஐயர் என்பார்கள். அங்கே வீடு கட்டினாலும் ஜெபம், பைக் வாங்கினாலும் ஜெபம், கிரைண்டர் வாங்கினால்கூட ஐயர் வந்து கைவைத்து ஜெபித்த பிறகுதான் அரிசி ஊறப்போடுவார்கள். அந்த ஐயருக்கோ ஏழு ஊர். வடக்குப்பனையூருக்கு மாதத்தில் இரண்டாம் சனிக்கிழமைதான் வருவார். அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கேட்டுக்கு ஜெபம் என்று தங்கபுஷ்பம் சொல்லிவைத்திருந்தாள். வியாழக்கிழமைக்குள் இரண்டு தூணையும் எழுப்பித் தருகிறேன் என்ற பால்துரை மச்சினி கல்யாணத்துக்குக் கயத்தாறு போனவன் திரும்பவில்லை. பத்து மணிக்கு வெல்டர் சுடலைமுத்து கேட்டின் இரண்டு கதவுகளையும் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான், ஐயரும் பைக்கில் வந்துவிட்டார், தூண் மட்டும் வரவில்லை.

"தூண் எங்கம்மா?" என்றார் ஐயர்.

"புதன்கிழமை வந்துரும்ங்கய்யா."

"நான் அடுத்த மாசமில்ல வருவேன்."

தங்கபுஷ்பத்துக்கு அடுத்த மாதம் என்பது ஆகாத காரியம். அதனால் ஐயர் தலையைச் சொறிந்துவிட்டு, "சரி, நிக்க வேண்டிய இடத்துல நாலு பேர் தூக்கிப் பிடிச்சுக்கோங்க, ஜெபத்தை முடிச்சிருவோம், தூண் வந்த பிறகு மாட்டிக்கோங்க" என்றார். கதவுக்கு இரண்டு பேராக நாலு பேர் தூக்கிப் பிடித்தார்கள், சுடலைமுத்து அதில் ஒருவன். ஐயர் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, "கண்களை மூடி ஜெபிப்போம்" என்றார்.

அந்த ஊரில் இந்த மூன்று வார்த்தையைக் கேட்டால் கை தானாகக் கூடிவிடும். தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து கேட்டவர்களுக்கும் கூடிவிடும், கோயிலுக்குப் போகிற சுடலைமுத்து போன்றவர்களுக்கும் அவர்களோடு பள்ளிக்கூடத்தில் படித்து, அவர்கள் கல்யாணத்தில் சாப்பிட்டு, அவர்கள் சாவில் நின்ற பழக்கத்தில் கூடிவிடும். கேட்டைப் பிடித்துக்கொண்டிருந்த நாலு பேரும் கண்ணை மூடினார்கள், கையைக் கூப்பினார்கள். ஐயர் அந்த வாசலில் உள்ளே வருகிறவர்களுக்காக ஜெபித்தார், வெளியே போகிறவர்களுக்காக ஜெபித்தார், இரும்பு வெட்டியவர்களுக்காக, நீரில்லாத கண்மாய்களுக்காக, துபாயிலும் மும்பையிலும் இருக்கிற பிள்ளைகளுக்காக ஜெபித்தார், பதினோரு நிமிஷம் கழித்து ஆமென் என்றார். எல்லாரும் ஆமென் என்று கண்ணைத் திறந்தபோது கேட் பிடித்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

சுடலைமுத்து முதலில் தன் இரண்டு கைகளையும் பார்த்தான், பிறகு கேட்டைப் பார்த்தான், பிறகு மறுபடியும் கைகளைப் பார்த்தான். ஐயர் ஒரு கதவைத் தள்ளினார். அது சத்தமில்லாமல் திறந்தது. இழுத்தார், மூடிக்கொண்டது. "நல்ல வேலைப்பா, கிறீச்சுன்னு ஒரு சத்தம் இல்ல" என்று சொல்லி, டீயைக் குடித்துவிட்டு, அடுத்த ஊரில் ஓர் அடக்கம் இருக்கிறது என்று கிளம்பிப்போனார்.

தங்கபுஷ்பம் அப்போது ஆச்சரியப்படவில்லை. அவள் பார்த்ததெல்லாம் கேட் மூடுகிறதா என்றுதான். தோட்டத்துக்கு மூன்று பக்கமும் சுவர் இருந்தது, வீட்டு முன்வாசலுக்குக் கம்பிக்கதவு இருந்தது, வீட்டுக்கும் சுவருக்கும் நடுவே இந்த ஒரு வழிதான் திறந்து கிடந்தது, அந்த வழியாகத்தான் அவள் வீட்டுக்காரர் ஞானசிகாமணி விடிந்தும் விடியாமலும் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார். முப்பத்தோரு வருஷம் ரயில்வே கேட்டில் கேட் கீப்பராக இருந்தவர். அந்தக் கேட்டை எடுத்துவிட்டு, மழைக்கு முழங்கால் தண்ணீர் நிற்கிற சுரங்கப்பாதை போட்டு ஒன்பது வருஷமாகிறது. அவருக்கு ஞாபகம் கரையத் தொடங்கியபோது, பிந்தியதெல்லாம் முதலில் போனது, சுரங்கப்பாதை போனது, ஓய்வுபெற்றது போனது, பேரன் பேத்தி போனது, கடைசியில் தங்கபுஷ்பத்தின் முகமும் போனது, டூட்டிக்கு நேரமாகிறது என்பது மட்டும் போகவில்லை. மூன்று தடவை தண்டவாளத்தில் நின்றவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறார்கள். மூன்றாவது தடவை வண்டிக்கும் அவருக்கும் நடுவே எத்தனை அடி இருந்தது என்பதைப் பார்த்தவன் தங்கபுஷ்பத்திடம் சொல்ல மறுத்துவிட்டான். அதன் பிறகுதான் அவள் சுடலைமுத்துவிடம் போய்க் கேட்டுக்கு அளவு கொடுத்தாள்.

புதன்கிழமை பால்துரை வந்தான். நிற்கிற கேட்டைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். "இதான் நிக்குதே, பிறகு எனக்கு என்ன சோலி?" என்று கோபித்துக்கொண்டு போய்விட்டான்.

ஊர் முதல் வாரம் வந்து பார்த்தது. தரைக்கும் கேட்டுக்கும் நடுவே குச்சியை விட்டுப் பார்த்தது, மேலே கயிறு இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்தது, என்ன பெயிண்ட் என்று விசாரித்தது. இரண்டாம் வாரம் பக்கத்து ஊர்க்காரர்கள் வந்தார்கள். தங்களுக்கும் தூண் இல்லாத கேட் வேண்டும் என்று சுடலைமுத்துவைத் தேடி ஆள் வந்தது. அவன் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, கூட்டுறவுச் சங்கத்துச் செயலாளர் தன் வீட்டுக் கேட்டை நாலு பேரைப் பிடிக்கச் சொல்லித் தானே ஜெபித்து, நாலு பேர் கால்விரலையும் நசுக்கினார். மூன்றாம் வாரம் யாரோ நேர்ந்துகொண்டு ஒரு சிவப்பு நாடா கட்டினார்கள், வெள்ளிக்கிழமை யாரோ மஞ்சள் குங்குமம் வைத்தார்கள், அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை ஐயர் வந்து பார்த்துவிட்டு, நாடாவையும் பார்க்காததுபோல் குங்குமத்தையும் பார்க்காததுபோல் டீயைக் குடித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு கேட் கேட்டாகிவிட்டது. ஆட்டைப் பிடித்துக் கட்டவும், துணி உலர்த்தவும், அஞ்சல்காரர் கடிதம் சொருகவும் ஆகிவிட்டது.

இரண்டு பக்கமும் தூண் வர வேண்டிய இடம் ஒன்றரை அடி காலியாகத்தான் கிடந்தது. ஓர் ஆள் ஒருக்களித்து நுழைந்து போகலாம். ஆனால் யாரும் அப்படிப் போகவில்லை. அந்தத் தெருவிலேயே உப்புக் கரிக்காத தண்ணீர் தங்கபுஷ்பத்தின் தோட்டத்து அடிபம்பில்தான். காலையும் மாலையும் தெருப் பெண்கள் அத்தனை பேரும் அந்த வழியாகத்தான் குடத்தோடு வருவார்கள். இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று என்று இருந்தாலும், முழங்கையால் கதவைத் தள்ளித் திறந்து, உள்ளே போய், திரும்பிக் குதிகாலால் மூடிவிட்டுத்தான் போவார்கள். எருமை வைத்திருக்கிற பேச்சித்தாயிடம் ஒருநாள் அவள் மருமகள், "பக்கத்துலதான் வழி கெடக்கே அத்தே" என்றபோது, "கெடந்தா? வாசல் இருக்கும்போது சன்னல் வழியாவா போவ?" என்றாள் பேச்சித்தாய்.

கேட்டுக்கு உண்மையான மரியாதையைக் கற்றுக்கொடுத்தவர் சிகாமணிதான். முதல் நாளே அவர் வந்து பார்த்து, அடியிலிருந்து நுனிவரை தடவி, ஒரு முக்காலியைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டு உட்கார்ந்துவிட்டார். தூண் இல்லாததை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. காலை ஏழே முக்கால் பாசஞ்சருக்கு ஏழு முப்பத்தைந்துக்குக் கேட்டை மூடுவார். பத்தரை மணி கூட்ஸுக்கு மூடுவார். மதியம் ஒன்று இருபதுக்கு மூடுவார். அந்த வண்டிகளில் பாதி இப்போது ஓடுவதில்லை, ஓடுகிற பாதியும் ஒன்றரை மைல் தள்ளி ஓடுகிறது, இருந்தாலும் அவர் கேட்டை மூடிவிட்டால் உள்ளே நிரம்பின குடத்தோடு நிற்கிறவர்கள் உள்ளேயும், வெளியே காலிக் குடத்தோடு நிற்கிறவர்கள் வெளியேயும் நிற்பார்கள்.

"அண்ணாச்சி, வண்டி எங்க வருது? இடுப்பு கழண்டுரும் போலிருக்கு."

"சிக்னல் விழுந்துட்டு. பொறு தாயி. உசுரு பெரிசா, தண்ணி பெரிசா?"

"எனக்கு இப்பம் இடுப்புதான் பெரிசு."

"பேசாம நில்லு."

நின்றார்கள். முதலில் அந்த மனுஷனின் மனம் நோகக்கூடாதே என்று நின்றார்கள், பிறகு நிற்கிற அந்தப் பத்து நிமிஷத்தில்தான் தெருவின் பாதிப் பேச்சு நடக்கிறது என்பதால் நின்றார்கள். கேட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நின்று இரண்டு வருஷம் பேசாதிருந்த நாத்தனாரும் மதினியும் வேறு வழியில்லாமல் பேசிவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் அந்தக் கேட்டைத் தாண்டிப் போகவில்லை. மூடின கேட்டைச் சுற்றிப் போகிறவனைப் பார்த்து முப்பத்தோரு வருஷம் காரித் துப்பின மனுஷன், திறந்த கேட்டை ஆளில்லாமல் விட்டுப் போகாத மனுஷன், அவர் எங்கே போவார்? தங்கபுஷ்பம் இரண்டு வருஷத்துக்குப் பிறகு சோறு அடிப்பிடிக்காமல் வடித்தாள். தலைக்குக் குளித்து, முடி உலரும்வரை ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒன்றரை அடி இடைவெளியை அவள் பார்க்காமலில்லை. தினமும் பார்த்தாள், பார்த்துவிட்டு அதைப் பற்றி நினைக்காமலிருக்கப் பழகிக்கொண்டாள்.

பதினாலாம் மாதம் பெங்களூரிலிருந்து மகன் கிங்ஸ்லி வந்தான். வந்தவன் கேட்டைப் பார்க்கவில்லை, இடைவெளியைத்தான் பார்த்தான்.

"எம்மா, இது என்ன விளையாட்டு? ரெண்டு பக்கமும் ஆளு போற அளவுக்குத் திறந்து கெடக்கு!"

"அதுல போமாட்டாவடே."

"இன்னைக்குப் போமாட்டாவ. அப்பாவுக்கு உன் பேரு மறக்கும்னு ரெண்டு வருஷம் முன்ன நினைச்சியா? அந்த மாதிரி இதுவும் ஒருநாள் மறக்கும். அன்னைக்கு எனக்குப் போன் வரும். என்ன போன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

அவன் சத்தம் போட்டிருந்தால் அவளும் போட்டிருப்பாள், அவன் அழுதுவிட்டான். தூண் எழுப்பிப் பூட்டுப் போட்டால் அப்பா இங்கே இருக்கட்டும், இல்லையென்றால் அவரைக் கூட்டிக்கொண்டுபோய் அங்கே இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்கிற ஓர் இல்லத்தில் சேர்த்துவிடுவேன் என்று சொல்லிவிட்டான். அன்றைக்கே தங்கபுஷ்பம் பால்துரைக்கு ஆள் அனுப்பினாள்.

பால்துரை இந்தத் தடவை சொன்ன நாளுக்கு ஒரு நாள் முன்னதாகவே வந்தான். இரண்டு பக்கமும் குழி தோண்டி, கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு, இரண்டு தூணையும் எழுப்பினான். தூண் இறுகி முடிந்ததும் சுடலைமுத்து வந்து கீல்களைத் தூணோடு வைத்துப் பற்றவைத்தான். கடைசிக் கீலின் சூடு ஆறியபோது, இரண்டு கதவும், இத்தனை நாள் தாங்கிய யாரோ கையை எடுத்துக்கொண்டதுபோல, கண்ணால் பார்க்கும்படி ஒரு விரல்கடை கீழே இறங்கின. அதற்குப் பிறகு திறந்தால் கிறீச்சென்றது. ஊர் வந்து பார்த்தது, "அதுவும் எத்தன நாளைக்குத்தான் நிக்கும், பாவம்" என்றது, போய்விட்டது. தங்கபுஷ்பம் பூட்டுப் போட்டுச் சாவியைச் சேலை முந்தியில் முடிந்துகொண்டாள். தண்ணீருக்கு வருகிறவர்கள் கூப்பிட்டால் போய்த் திறந்துவிட்டு மறுபடி பூட்டினாள். கிங்ஸ்லி நிம்மதியாக ரயிலேறினான்.

மறுநாள் காலை சிகாமணி கேட்டுக்கு வந்தார். பூட்டைப் பார்த்தார். தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார், இடுப்பைத் தொட்டுப் பார்த்தார், சாவி இல்லை. வேறு யாரோ டூட்டியில் இருக்கிறார்கள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. முக்காலியில் உட்காரவில்லை, அது டூட்டியில் இருக்கிறவன் உட்காருகிற இடம். மூடின கேட்டுக்கு முன்னால் வழிப்போக்கர்கள் எப்படி நிற்பார்களோ அப்படிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏங்க, உள்ள வந்து ரெண்டு இட்லி தின்னுங்க."

"வண்டி போகட்டும்."

"வண்டி எப்பமோ போயாச்சு."

"போயிருந்தா ஏன் இன்னும் கேட்டத் திறக்கல?"

தண்ணீருக்கு யாராவது வந்து தங்கபுஷ்பம் திறக்கும்போது, தன்னையும் போக விடுவாளோ என்று அவர் ஓர் அடி எடுத்து வைப்பார். அவள் பயந்துபோய்ச் சட்டென்று மூடுவாள். அவர், சரி, இன்னொரு வண்டி இருக்கிறதுபோல என்று மறுபடி கையைக் கட்டிக்கொள்வார். வெயிலில் நின்றார், தூறலில் நின்றார். தட்டைக் கொண்டுவந்து நீட்டினால், வழியில் நிற்கிறவனுக்கு முன்பின் தெரியாதவர்கள் ஏன் சோறு தருகிறார்கள் என்று கூச்சப்பட்டு, "இருக்கட்டும்மா, நான் வீட்டுல போய்ச் சாப்பிட்டுக்கிடுதேன்" என்றார். இருட்டினபிறகு கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்ப் படுக்கவைத்து, வாயில் கஞ்சியை ஊற்றினால் பாதி உள்ளே போகும். விடிந்ததும் மறுபடி போய் நிற்பார். ஒன்பது நாளில் சட்டைக் காலர் கழுத்தைவிட்டு விலகியது, கால் இரண்டும் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை.

"எக்கா, இது தண்டவாளத்துல போறதவிட நல்ல சாவா?" என்று பேச்சித்தாய் கேட்டேவிட்டாள்.

தங்கபுஷ்பம் பால்துரையிடம் போய்த் தூணை இடித்துவிட முடியுமா என்று கேட்டாள். "கேட்டும் தூணும் இனி ஒண்ணுக்குள்ள ஒண்ணு மதினி. தூணை இடிச்சா கேட்டும் விழும்" என்றான் அவன், அவனுக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

பத்தாம் நாள் காலை அவள் முந்தி முடிச்சை அவிழ்த்துச் சாவியைக் கையில் எடுத்தாள். கல்யாணமான புதிதில் ரயில்வே கேட்டுக்கு அவருக்குச் சோறு கொண்டுபோகும்போது பார்த்திருக்கிறாள்: ஒருவர் டூட்டி முடித்து இன்னொருவரிடம் கொடுக்கும்போது, ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கொடுப்பார், வாங்குகிறவர் அதைத் திருப்பிச் சொல்லி வாங்குவார். சாவியை இந்த மனுஷன் கையில் கொடுத்தால் அவர் அதைத் திறந்துகொண்டு நேரே தண்டவாளத்துக்குப் போகலாம். போனால், பெங்களூருக்கு ஒரு போன் போகும். கொடுக்காவிட்டால் அவர் இங்கேயே நின்று நின்று தீர்ந்துபோவார். ஏழு மணி இருக்கும். அவள் அவர் முன்னால் போய் நேராக நின்றாள்.

"சாவி ஒண்ணு" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். கட்டியிருந்த கை அவிழ்ந்தது. முதுகு நிமிர்ந்தது.

"சாவி ஒண்ணு" என்று வாங்கிக்கொண்டார்.

"பூட்டு ஒண்ணு."

"பூட்டு ஒண்ணு."

"கேட் நல்ல நிலையில இருக்கு. கொஞ்சம் எண்ணெய் போடணும்."

"கேட் நல்ல நிலையில இருக்கு. எண்ணெய் போடணும்." பூட்டைத் திறந்தார், ஒரு கதவை முழுக்கத் திறந்தார். அவர் வெளியே அடியெடுத்து வைக்கவில்லை. ஒதுங்கி நின்று அவளுக்கு வழிவிட்டார்.

"போங்கம்மா."

"நானா? எங்க?"

"டூட்டிய ஒப்படைச்சாச்சுல்லா? ஒப்படைச்சவங்க கேட்டுல நிக்கக்கூடாது. வீட்டுக்குப் போங்க, போய்த் தூங்குங்க. முகமெல்லாம் ஒரேயடியா வாடிக் கெடக்கு."

இது அவளுக்கு மறந்துபோயிருந்தது. டூட்டி மாற்றினால் பழைய ஆள் கிளம்பியாக வேண்டும். மாட்டேன் என்றால் சாவியைத் திரும்ப வாங்க வேண்டும், வாங்கினால் அவர் மறுபடி கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அவள் தன் வீட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், அடுப்பில் பால் இருக்கிறதா என்று யோசித்தாள், செருப்புக்கூட இல்லாமல் வெளியே இறங்கினாள். அவளுக்குப் பின்னால் கேட் கிறீச்சென்று மூடியது. பூட்டு விழுந்தது. சாவி அவரோடு உள்ளே இருந்தது, அவள் தெருவில் இருந்தாள்.

குடங்களோடு வந்த பெண்கள் அவளைப் பார்த்து நின்றுவிட்டார்கள்.

"என்னக்கா வெளிய நிக்கிய?"

"டூட்டி முடிஞ்சிட்டு."

"சாவி?"

"அவுக கையில."

"அய்யய்யோ!" என்றாள் பேச்சித்தாய். "திறந்து அந்தால போயிட்டாவன்னா?"

"போனா போற வழியிலதான நிக்கேன்" என்றாள் தங்கபுஷ்பம். அந்தப் பக்கம் முக்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. உட்கார்கிற சத்தம் கேட்டது. ஏழு முப்பத்தைந்து ஆனது. பெண்கள் குடத்தைக் கீழே வைத்தார்கள், பேச்சித்தாய் தன் எருமை ஈனாத கதையை ஆரம்பித்தாள், யாரும் சொல்லாமலே இரண்டு பேர் தங்கபுஷ்பத்தின் இரண்டு பக்கமும் வந்து நெருங்கி நின்றுகொண்டார்கள். ஏழே முக்கால் ஆனது. தூரத்தில், காற்று அந்தப் பக்கமிருந்து அடித்ததால், பாசஞ்சரின் ஊதல் உண்மையாகவே மெல்லக் கேட்டது. ஏழு ஐம்பதுக்குப் பூட்டுத் திறந்தது. சிகாமணி இரண்டு கதவையும் அகலத் திறந்து ஓரமாக நின்று, போங்க போங்க என்று கையசைத்தார், ஒவ்வொருவராக உள்ளே போனார்கள், கடைசியில் தங்கபுஷ்பம்.

"நீங்க இப்பத்தான வீட்டுக்குப் போனீக?"

"தண்ணிக்கு வந்தேன்."

"பாத்திரம் இல்லாமலா?"

முன்னால் போன பேச்சித்தாய் திரும்பிப் பார்க்காமலே தன் இரண்டாவது குடத்தைப் பின்னால் நீட்டினாள். தங்கபுஷ்பம் அதை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவர் திருப்தியாகத் தலையாட்டினார், பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராகக் குரலைத் தாழ்த்தினார்.

"தாயி, வார வழியில எங்க வீட்டுக்காரியப் பாத்தியளா? சோத்துத் தூக்கு கொண்டாருவா. நாலஞ்சு நாளா ஆளக் காணல. நல்லா பசிக்கி."

"பாத்தேன்" என்றாள் தங்கபுஷ்பம். "வந்துக்கிட்டே இருக்கா."

காலிக் குடத்தைப் பம்படியில் வைத்துவிட்டு, அரிசி களைய உள்ளே ஓடினாள்.